இடது, தோள் உயரம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளி முடிந்து பகல் ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டிய என் மகன் வரவில்லை. மூன்று மணிக்குப் பள்ளியில் யாருமே இல்லை. நான்கு மணிக்கு, அவனுடைய நெருங்கிய நண்பர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களும், இப்போதெல்லாம் அவன் தங்களோடு அவ்வளவாகப் பேசுவதில்லை என்றார்கள். ஐந்தரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

“யம்மா, உன் புள்ள இங்க பொம்மையார்பாளையம் கடக்கரையில குந்திக்கினு இருக்கான். தண்ணியில எல்லாம் எறங்கல. ரொம்ப நேரமா ஒண்டியா இருக்கானேன்னு நான்தான் நம்பர் கேட்டு வாங்கனேன். பதறாம வா. நீ வர்ற வரிக்கும் நான் வலை பிரிச்சிக்கினு இங்கியேதான் இருப்பேன்.”

சொன்னபடியே அந்த மனிதர் இருந்தார். என் மகனும் இருந்தான். திண்டிவனம் திரும்பும் வழி முழுக்க ஏன், ஏன் என்று கேட்டேன். “சும்மா” என்றான். அன்றிலிருந்து அவன் சொன்ன சொற்களில் அதுதான் நீளமானது. மற்றதெல்லாம் “ம்”. சாப்பிடுகிறாயா, ம். படித்தாயா, ம். வெளிநாட்டில் வேலை செய்யும் அவன் அப்பா தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்கும் அதே “ம்”தான். அவன் குளிக்கப் போய்ப் பத்து நிமிடம் ஆனால் நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே போய் நிற்கிறேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் திரும்பி வருகிறேன். பதினைந்து வயதுப் பையனின் தாய் செய்யும் காரியமா இது என்றால், இல்லைதான். ஆனாலும் செய்கிறேன்.

வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று தொலைக்காட்சியை ஓடவிட்டு வைக்கிறேன். அப்படி ஒரு நாள் அதில் டென்னிஸ் ஆட்டம் ஓடியது. நான் டென்னிஸ் பார்ப்பதில்லை. அந்த ஆட்டத்திடம் எனக்குப் பழைய குற்றவுணர்வு ஒன்று உண்டு. சேனலை மாற்றக் கை நீட்டியபோது, கேமராவை சர்வ் போடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். பந்து உயரே எழும்பி, வலையைத் தாண்டி, தலைகுப்புறக் கீழே இறங்கி, தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் துள்ளியது. எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் எல்லாம் அங்கிருந்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தது.

அடிக்கிறவனுக்குத் தெரியாது என்றுதான் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார்.

எனக்குப் பத்து வயதில் அம்மா இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எட்டாவது நாள் இல்லை. பேசாமல் இருந்துவிடுவது என்று நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. முதல் நாள் கூட்டத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கேட்டபோது தலையாட்டினாலே போதுமாக இருந்தது. அதற்கப்புறம் தலையே எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டது. பள்ளியில் ஆசிரியை என்னைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். தோழிகள் சில நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அதுவும் எனக்கு வசதியாகவே இருந்தது.

சமைத்துப்போட பெருமுக்கலிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து சேர்ந்தாள். அப்பா ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். கம்பிச்சுருள்களையும் தராசுகளையும் எடுத்துக்கொடுத்துத் திரும்ப வாங்கி அடுக்குகிற வேலை. முன்பே அதிகம் பேசாதவர். ஆக, எங்கள் வீட்டில் மூவருக்கும் சேர்த்து அத்தை ஒருத்தியே பேசினாள். என் கையில் மந்திரித்த கயிறு கட்டினாள். பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு முழங்காலால் படியேறுவதாக வேண்டிக்கொண்டாள். யாருடைய முழங்கால் என்பதைச் சொல்லவில்லை.

“முழுப் பரீட்சை லீவுக்குள்ள இது வாயத் தொறக்கலன்னா நான் ஊருக்கு இட்டுக்கினு போயிடுவேன் தம்பி. நாலு புள்ளைங்க இருக்கற வூட்டுல கெடந்தா தானா பேசிடும். இங்க செவுத்தையும் உன் மூஞ்சியையும் மாத்தி மாத்தி பாத்துக்கினு இருந்தா எந்தப் புள்ள பேசும்?”

மறுநாள் மாலை அப்பா கல்லூரியின் விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து ஒரு மர மட்டையும் ஏழு பந்துகளும் கொண்டுவந்தார். விளையாட்டு ஆசிரியர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த அறை பூட்டியே கிடந்தது. சாவி ஆய்வகத்தில் தொங்கியது. மஞ்சள் வெளுத்துப்போன அந்தப் பந்துகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சரிபாதிக்குச் சிவப்பு மை பூசினார்.

அத்தை எட்டிப் பார்த்தாள். “இன்னா தம்பி, பந்துக்குத் திருஷ்டி கழிக்கிறியா?”

“ஆராய்ச்சி, அக்கா.”

“நல்லா பண்ணு. வூட்ல புள்ள ஊமையாயிக்கினு இருக்குது, நீ பந்த ஆராய்ச்சி பண்ணு.”

அப்பா ஒரு குண்டானில் தண்ணீர் நிரப்பி அதில் ஒரு பந்தை மிதக்கவிட்டார். விரல்களால் அதைச் சுழற்றினார். பக்கத்தில் ஒரு வேப்பிலையைப் போட்டார். பந்து சுழலச் சுழல, தொடாமலே அந்த இலையும் அதைச் சுற்றி நகர்ந்தது.

“பாரு பாப்பா. பந்து சுத்தும்போது கூட இருக்கற தண்ணியையும் இழுத்துக்கினு சுத்துது. காத்தும் அப்படித்தான். பந்து மேல இருக்கு பாரு பஞ்சு மாதிரி முடி, அது காத்தைப் பிடிச்சுக்கும். மட்டைய வெச்சு கீழருந்து மேல தேய்ச்சு அடிச்சா, பந்து முன்பக்கமா உருண்டுக்கினே போகும். அப்ப எதிர்ல வர்ற காத்தை அது மேல தள்ளி வுட்டுடும். காத்து மேல போனா பந்து கீழ எறங்கித்தான் ஆகணும். மேல பாத்து அடிச்ச பந்து, யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி பொத்துனு எறங்கும்.”

அவர் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேள்வி என்று எதுவும் அதில் இல்லாததால் எனக்குத் தலையாட்டும் வேலைகூட இருக்கவில்லை.

“தரையில பட்டப்பறம் இன்னா ஆகும்னுதான் தெரியல” என்றார். “சுத்தற பந்து தரையைப் பிடிச்சு ஒரு பக்கமா எகிறும். வர்றது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம். அதை அந்தக் கோடியில நின்னு பாக்க ஆள் வேணும். அடிக்கிறவனுக்குத் தெரியாது.”

கல்லூரிக்குப் பின்னால் டென்னிஸ் களம் என்று ஒன்று இருந்தது. சிமெண்டு விரிசல்களில் புல் முளைத்திருந்தது. வலை எப்போதோ மக்கிப்போய்விட்டதால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கோணிகளைத் தொங்கவிட்டோம். களத்தின் ஒரு ஓரத்தில் வாட்ச்மேன் தன் வீட்டு மல்லாட்டையைக் காயப்போட்டிருந்தார். காலை ஆறு மணிக்கு அப்பா ஒரு கோடியிலும் நான் மறு கோடியிலும் நின்றோம். எனக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுந்து நேராக அப்பாவின் முகத்தில் விழுந்தது.

வாட்ச்மேன் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். “சார், எதிர்ல ஆட்டக்காரனே இல்ல, யாரை ஜெயிக்கப் போறீங்க?”

“பாத்துக்கினே இருங்க” என்றார் அப்பா.

“அது சரி. வெயிலைப் பாத்துக்கினு நிக்கறீங்களே. இப்பிடி வந்து நின்னா கண்ணு கூசாது இல்ல?”

“இந்தப் பக்கந்தான் காத்து சரியா இருக்குது.”

காற்றே இல்லை. மல்லாட்டைச் செத்தைகூட அசையவில்லை. ஆனால் அப்பா ஆய்வகத்தில் வேலை செய்கிறவர், அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

முதல் பந்து கோணியில் இடித்து விழுந்தது. இரண்டாவது மல்லாட்டையில் விழுந்தது. மூன்றாவது என் முன்னே விழுந்து இடப்பக்கம் லேசாக விலகியது. நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

“வெயில் அடிக்குது பாப்பா, கை தெரியல. வாயால சொல்லு.”

நான் நின்றேன். அவரும் மட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். நடுவில் கோணிகள் தொங்கின. எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அவ்வளவு சிரமப்பட்டு மை பூசி, கயிறு கட்டி, கடைசியில் எந்தப் பக்கம் போனது என்று தெரியாமலே நிற்கிறாரே.

“இடது” என்றேன்.

ஏழு வாரங்களுக்குப் பிறகு வந்த குரல். வேறு யாரோ பின்னாலிருந்து சொன்னதுபோல எனக்கே கரகரப்பாகக் கேட்டது. அப்பா ஆச்சரியம் எதையும் காட்டவில்லை. “கேக்கல” என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். குனிந்து, தரையில் வைத்திருந்த நோட்டில் குறித்துக்கொண்டார். குறிக்க ரொம்ப நேரம் ஆனது. அடுத்த பந்தை எடுத்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் வாரம் இடது, வலது, நேரே என்ற மூன்று சொற்கள்தான் என் வேலை. அடுத்த வாரம், எவ்வளவு உயரம் எழும்பியது என்று சொல்லாவிட்டால் கணக்கு தவறிவிடும் என்றார். முட்டி, இடுப்பு, தோள் என்று என் உடம்பே அளவுகோல் ஆனது. அதற்கடுத்து, வரும்போது பந்து என்ன நிறத்தில் தெரிந்தது என்று கேட்டார். சிவப்பும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரிந்தால் சுழற்சி குறைவு. கலந்து ஆரஞ்சாகத் தெரிந்தால் அதிகம். ஒரு மாதத்துக்குள் நான், “கிச்சிலிப்பழ நெறமா வந்துச்சு, கோணியத் தாண்டனதும் எறங்குச்சு, இடது, தோள் உயரம்” என்று களத்தின் ஒரு கோடியிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி தலைதான். அதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. களத்தில் சொல்வது பேச்சு அல்ல, வேலை. அப்பாவும் அத்தையிடம் எதையும் சொல்லவில்லை. அத்தை என் பாவாடை சட்டைகளை ஒரு பைக்குள் அடுக்கி ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். பெருமுக்கல் போகும் பை. நாங்கள் காலையில் கிளம்பும்போதும் திரும்பும்போதும் அது அங்கேயே தொங்கியது.

அப்பா தேடியது “இடது, தோள் உயரம்” என்ற பந்தைத்தான். அவர் பக்கத்திலிருந்து அடித்தால் கொஞ்சம் என் வலப்பக்கமாக வளைந்து வந்து, தரையைத் தொட்டதும் இடப்பக்கம் எகிறித் தோளுக்கு ஏறும் பந்து. அதற்குப் பந்தைத் தலைக்கு மேல் சற்றுப் பின்னால் தூக்கிப்போட்டு, முதுகை வில்லாக வளைத்துத் தேய்த்து அடிக்க வேண்டும். பத்தில் ஒன்றுதான் அப்படி வந்தது. அந்த ஒன்று வந்து நான் அதைச் சொல்லும்போது மட்டும் அப்பா சிரித்தார். அம்மா போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

ஆகவே பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில், லேசாக விலகிய பந்துகளுக்கு. பிறகு நேராக வந்தவற்றுக்கு. பிறகு, கோணியில் இடிக்காத எல்லாவற்றுக்கும். “இடது, தோள் உயரம்.” இடுப்புக்குக்கூட வராத பந்துகள் அவை. வெறுமனே சொன்னால் நம்பமாட்டாரோ என்று விவரங்களைச் சேர்த்தேன். எகிறும்போது ஒரு சத்தம் வந்தது என்றேன், என் காதை ஒட்டிப் போனது என்றேன், ரிப்பன் ஆடியது என்றேன். விவரம் கூடக்கூட அவர் அதிகமாகச் சிரித்தார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். நோட்டின்படி, அப்பா பத்தில் எட்டுப் பந்துகளை அற்புதமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் அரசு ஊழியர்களுக்கு விளையாட்டுப் போட்டி என்று கல்லூரிக்குச் சுற்றறிக்கை வந்தது. காலையில் அப்பா பந்தடிப்பதை எல்லோரும் அறிந்திருந்ததால் அலுவலகத்தில் அவரைக் கேட்காமலே டென்னிஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். மாவட்டம் முழுக்க டென்னிஸுக்கு வந்த பெயர்கள் மொத்தம் நான்கு. ஆக, வாழ்க்கையில் ஒரு முறைகூட எதிராளியோடு ஆடியிராத அப்பா நேரடியாக அரையிறுதிக்குப் போனார்.

அது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் களத்துக்குப் போவேன். அப்பா பந்தைத் தூக்கிப்போடுவார். அது நேராக வந்து மொத்தென்று விழும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார். “இடது” என்று ஆரம்பித்துவிடுவேன்.

விழுப்புரத்தில் அப்பாவுக்கு எதிராக ஆடியவர் வேறு ஏதோ துறையின் பொறியாளர். தொப்பை இருந்தது, ஆனால் இரும்பு மட்டையும் வெள்ளை ஷூவும் இருந்தன. அப்பா கால்சட்டையை மடித்துவிட்டுக் கான்வாஸ் ஷூவோடு நின்றார். அங்கே நிஜமான வலை இருந்தது. சுற்றிலும் கபடி முடிந்து வந்த ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா முதுகை வில்லாக வளைத்து முதல் பந்தைப் போட்டார். நேராகப் போனது. இடுப்பு உயரத்தில் சமத்தாக எழும்பி நின்றது. பொறியாளர் அதை ஓங்கி ஓர் அடி அடித்தார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த இரண்டும் வலையில். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், “இன்னாத்துக்குபா அவ்ளோ வளையிறாரு, பந்து பேஜாரு பண்ணாம சும்மாதான போவுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர்கூடச் சிரித்தார், கெட்ட மனிதர் அல்ல, சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. அப்பாவுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை.

அவ்வளவு பேர் நடுவில் அப்பா தனியாகக் குனிந்து பந்து பொறுக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைச் செய்தது நான் என்பது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் எனக்குக் கொடுத்தார். மடியில் மட்டை. விக்கிரவாண்டி தாண்டும்வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னால் முடியவில்லை.

“அப்பா, நான் பொய் சொன்னேம்பா. பந்து எடது பக்கம் போகவே இல்ல. நேராதான் வந்துச்சு. தோள் வரிக்கும் வர்ல, இடுப்புக்கே வர்ல. நீங்க சிரிப்பீங்கன்னு நானா சொன்னேன். ரிப்பன் ஆடுச்சுன்னு சொன்னதும் பொய்தான். நான் ஒழுங்கா சொல்லியிருந்தா நீங்க சரி பண்ணிக்கினு இருப்பீங்க. நீங்க தோத்தது என்னாலதான். அம்மா இருந்திருந்தா இப்படிப் பண்ண வுட்டிருக்க மாட்டாங்க.”

பஸ் ஏதோ ஓர் ஊரில் நின்று கிளம்பியது.

“இன்னொரு வாட்டி சொல்லு” என்றார் அப்பா.

தண்டனை என்று நினைத்தேன். பள்ளியில் அப்படித்தான், செய்த தப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். அழுதுகொண்டே முழுவதையும் மறுபடி சொன்னேன், அம்மாவைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து.

“பஸ் சத்தத்துல கேக்கல பாப்பா. கொஞ்சம் சத்தமா.”

சத்தமாகச் சொன்னேன். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, “இன்னா பாப்பா பொய் சொன்ன? வயசக் கொறச்சு அரை டிக்கெட் எடுத்துக்கினியா?” என்றார். யாரோ சிரித்தார்கள். அப்பா முகத்தை எனக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மட்டையின் நரம்புகளை விரலால் எண்ணிக்கொண்டிருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். கோபத்தை அடக்குகிறார் என்று தெரிந்தது. அவர் கன்னம் நனைந்திருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அத்தை வாசலிலேயே கேட்டாள். “இன்னா ஆச்சு?”

“தோத்துட்டேங்க்கா” என்றார் அப்பா. ஜெயித்துவிட்டு வந்தவர்போல அதை அவர் சொன்ன விதத்தில் அத்தை ஒரு கணம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“சைபர் அத்தை” என்றேன் நான், தப்பை ஒப்புக்கொள்ளத் தொடங்கியாகிவிட்டது, பாதியில் நிறுத்துவது சரியல்ல என்று. “ஒரு கேம்கூட இல்ல. என்னாலதான்.”

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். தெற்கே பார்த்துக் கும்பிட்டாள். பெருமுக்கல் உண்மையில் கிழக்கே இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமையே போய்த் தன் முழங்காலாலேயே மலையேறிவிட்டு வந்தாள். எல்லாம் மலைமேல் இருக்கிறவன் செயல் என்று தெருவெல்லாம் சொன்னாள். அப்பா மறுக்கவில்லை. ஆணியில் இருந்த பையிலிருந்து என் துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் போட்டிக்கு மறுநாள் காலையைப் பற்றி. இனி ஒரு பொய்கூட இல்லாமல் சொல்வது என்ற முடிவோடு ஐந்தரை மணிக்கே எழுந்து, தலையைப் பின்னிக்கொண்டு, பந்துக் கூடையோடு வாசலில் நின்றேன். ஆறு அடித்தது. ஆறரை அடித்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா போனதற்குப் பிறகு அவர் விடிந்தும் தூங்கி நான் பார்த்ததில்லை. ஏழு மணிக்கு எழுந்து வந்து, கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சு பாப்பா.”

மட்டையைத் துடைத்து ஒரு பழைய துணியில் சுற்ற ஆரம்பித்தார், அறையில் திருப்பி வைப்பதற்காக. அதை அவர் அப்புறம் தொடவே இல்லை. என் பொய்யால் மனம் விட்டுப்போய் ஆட்டத்தையே விட்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படியாவது அவரை மாற்றிவிட வேண்டும் என்று, அவர் வீட்டுக்குள் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போய், இனிமேல் ஒழுங்காகப் பார்ப்பேன், கண்ணை மூடவே மாட்டேன், நேராக வந்தால் நேரே என்றுதான் சொல்வேன், வேண்டுமானால் வெயில் பக்கம் நானே நிற்கிறேன் என்று காலை முழுவதும் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா சுற்றிய துணியைப் பிரித்து மறுபடி சுற்றினார். ஒரு முறைகூட, போதும் என்று சொல்லவில்லை.